பாலம் மூடிய வருடத்தின் வாழ்த்துச் செய்தி

டிசம்பர் 9

ஆண்டு இறுதி வாழ்த்துச் செய்தியின் முதல் வரைவு மேசைக்கு வந்துவிட்டது. எழுதியவர் எங்கள் செய்தித்துறை அதிகாரி. மனதுக்குள் நான் அவரைப் பூமாலை என்றுதான் கூப்பிடுவேன். எதைக் கொடுத்தாலும் தொடுத்துவிடுவார். 'பொன்னான ஓர் ஆண்டு விடைபெறுகிறது' என்று ஆரம்பம். எங்கேய்யா பொன்? ஜூலையில் ஆற்றுப் பாலத்தின் நடுத்தூணில் விரிசல் என்றார்கள், மூடச் சொன்னேன். அன்றிலிருந்து அக்கரை ஊரில் என் பெயரை எடுத்தாலே திட்டுதான். இதில் 'அக்கரை மக்கள்' என்பதை 'அக்கறை மக்கள்' என்று அடித்து வைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும்விட்டது.

வாசலில் 'மண்டலத் தலைவர்' என்று பெயர்ப்பலகை பளபளக்கிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவள் காலையிலிருந்து ஒரே காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள்.

டிசம்பர் 11

அக்காவுக்கு போன் செய்தேன். அவள் தையல் கடை அக்கரையில். வாடிக்கையாளர்கள் பாதிக்கு மேல் இக்கரை. இப்போது யார் துணியைத் தூக்கிக்கொண்டு படகேறுவார்கள்?

"எப்படிக்கா இருக்கே?"

"நாங்க இருக்கோம்."

அவள் தனியாகத்தான் இருக்கிறாள். பூனைகூட இல்லை. அப்புறம் அந்த 'நாங்க' யார்? அக்கரை முழுக்க. என்னைத் தவிர எல்லாரும். சின்ன வயதில் அவள் வாயைத் திறந்தால் 'நாம'தான் வரும். நாம விளையாடலாம், நாம அம்மாகிட்ட சொல்ல வேணாம். அரை வருடமாக ஒரு 'நாம'கூட இல்லை. நான் எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியும். கல்லுளிமங்கி.

டிசம்பர் 13

கூட்டம். துணைத் தலைவர் தேனாகப் பேசினார். "விடுமுறை வாரம் மட்டும் திறந்து விடலாமே மேடம். சின்ன வண்டிங்கதானே. ஜனங்க கையெடுத்துக் கும்பிடுவாங்க." பூமாலை அதற்குள் எழுதியே விட்டார்: 'புத்தாண்டுப் பரிசாகப் பாலம் திறக்கப்படும்.' பாலம் என்ன பொம்மையா, காகிதம் சுற்றிக் கொடுக்க?

ஆனால் பொய் எதற்கு — ஒரு நிமிடம் எனக்கும் சபலம் தட்டியது. திறந்தால் அக்கா பேசுவாள்.

டிசம்பர் 14

பாலத்து இன்ஜினியரை வரச்சொல்லி நேராகவே கேட்டேன். விழுமா, விழாதா?

"தெரியாது மேடம். விரிசல் வளருதான்னு பார்க்கக் கருவி பொருத்தியிருக்கோம். ஜனவரி நடுவுலதான் சொல்ல முடியும்."

"ஒரு வாரம் திறந்தா?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம்."

எனக்கு சுர்ரென்று ஏறிவிட்டது. தெரியாதுன்னு சொல்லவா இவ்வளவு படிச்சீங்க என்று கத்தினேன். "தெரியாதுங்கறதையும் படிச்சுத்தான் மேடம் சொல்றேன்" என்றார். மனிதர் முகத்தில் கோபம்கூட இல்லை. அதற்கப்புறம் எனக்குத்தான் தண்ணீர் தேவைப்பட்டது.

டிசம்பர் 17

இன்றும் முடிவெடுக்கவில்லை. நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனி எரிகிறது.

டிசம்பர் 20

திறக்கப்போவதில்லை. சொல்லிவிட்டேன். துணைத் தலைவர் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு எழுந்து போனார். பரிசு வரியை நானே அடித்தேன். பூமாலை அந்த இடத்தில் வேறொன்று போட்டார்: 'பாலம் மூடப்பட்டதால் நாம் அனைவரும் சிரமங்களைச் சந்தித்தோம்.' பரவாயில்லை என்று பட்டது. ஊர் கேட்கும் முன் அவள் கேட்கட்டும் என்று அக்காவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நாமா? நீ எந்தப் படகுக்குடி நின்னே?"

போனை வைத்துவிட்டாள். என்ன தப்பு சொன்னாள்? நான் எந்தப் படகுக்கும் நிற்கவில்லை.

டிசம்பர் 21

'நாம்' என்றால் பொய். 'நீங்கள்' என்றால் எட்டி நின்று பரிதாபப்படுகிற மாதிரி. 'நாங்கள்' என்றால் அலுவலகம் பேசுகிற மாதிரி. மற்ற சொல்லையெல்லாம் பூமாலை மாற்றிக் கொடுத்துவிடுவார். இதற்கு ஆளே மாறணும் போலிருக்கே.

டிசம்பர் 26

படகுத்துறைக்குப் போனேன். காரை அனுப்பிவிட்டேன். மூடுபனி, படகு எடுக்கவில்லை. குளிரில் எல்லாரோடும் நின்றேன். ஒரு கிழவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. "நல்லா நில்லும்மா, உன் பாலம்தானே" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். காது சுட்டது. மத்தியானம்தான் படகு கிளம்பியது.

அக்கா கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். "என்ன, ஓட்டு கேக்கவா?" விடுமுறைக்கு இங்கேதான் இருக்கப்போகிறேன் என்றேன். "நாங்க சீக்கிரம் சாப்பிட்டுருவோம், மிச்சம் ஏதாவது இருக்கான்னு பாரு" என்று உள்ளே போய்விட்டாள். ஆனால் பாத்திரத்தில் ரெண்டு பேருக்கு இருந்தது.

கடையில் தைத்து முடித்த துணிகள் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரு சட்டையைத் தொட்டேன், தோளில் தூசி. எல்லாம் என் கரைக்காரர்களுடையது. வந்து வாங்க ஆளில்லை.

டிசம்பர் 29

மூன்று நாளாகப் படகிலேயே அலுவலகம் போய் வருகிறேன். இன்று ஒளிப்பதிவாளரும் பூமாலையும் இங்கே வந்தார்கள். அந்தத் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்து வாழ்த்துச் செய்தி. எழுதியதைத்தான் படித்தேன். ஆனால் நடுவில் வாய் தன் பாட்டுக்குப் போய்விட்டது: "இந்த வருஷம் நாங்க படகுக்காகக் காத்து நின்னோம்." நாம் என்று எழுதியிருக்க, நாங்க!

பூமாலைக்கு முகம் வெளுத்துவிட்டது. "யாரு மேடம் இந்த 'நாங்க'? இக்கரைக்காரங்களை வெளியே தள்ளிட்டீங்களே! ஓட்டு அங்கேதான் அதிகம்!" இன்னொரு தடவை எடுக்கலாம் என்றார். அதற்குள் கடைசிப் படகு சங்கு ஊதியது. ஒளிப்பதிவாளர் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடினார், பின்னாலேயே பூமாலை.

நிஜமாகவே நாக்கு பிசகியதா? யோசிக்க பயமாக இருக்கிறது.

டிசம்பர் 31

ஒளிபரப்பானது. அக்காவும் நானும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். பாதுகாப்பு உறுதியாகும்வரை பாலம் திறக்காது, விடுமுறையை நிம்மதியாகக் கழியுங்கள், புது வருடம் உங்கள் வீட்டுக்கு நல்லதைக் கொண்டுவரட்டும் — எல்லாம் சொல்கிறேன். நிம்மதி என்ற சொல்லில் குரல் நடுங்குகிறது. ஊருக்கே தெரிந்திருக்கும்.

அக்கா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "காலர் கோணலா இருக்கு."

ஜனவரி 3

'அவ அக்கரைக்காரி ஆயிட்டா' என்று என் தெருவிலேயே பேச்சாம். துணைத் தலைவர் போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். அது நல்ல அறிகுறி இல்லை.

ஜனவரி 15

இன்ஜினியர் கூப்பிட்டார். விரிசல் வளர்ந்திருக்கிறது. தூணையே மாற்ற வேண்டும், இந்த வருடமும் பாலம் கிடையாது.

"விடுமுறைக்குத் திறந்திருந்தா?"

"தெரியாது மேடம்."

இந்தத் தடவை கத்தவில்லை. போனை வைத்ததும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தத் தெரியாதோடுதான் நான் காலம் தள்ளணுமா? ஊருக்கு அறிவிக்கும் முன் அக்காவிடம் சொன்னேன். துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நின்றது. அப்புறம் மறுபடி வெட்டினாள்.

ஜனவரி 18

விடுமுறை முடிந்து நாளாகிறது. இன்னும் இங்கேதான் இருக்கிறேன். அவளும் போ என்று சொல்லவில்லை. காலையில் படகுக்குக் கிளம்ப, உள்ளறையில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். கடையில் ஒரு ஆள் வந்து சத்தம் போட்டான், பாலத்தை எப்பத்தான் திறப்பாளாம் உன் தங்கச்சி என்று. ஒரு கால் செருப்போடு கதவோரம் போனேன். வெளியே போகவா, பின்வாசல் வழியாக நழுவவா?

அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"இப்ப திறக்க முடியாது. தூண் சரியில்லை. நாங்கதான் மூடி வச்சிருக்கோம். சட்டைக்கு அளவு குடுக்கறியா, இல்லையா?"