சட்டையில் தொங்குகிற அட்டை

நவம்பர் 12, செவ்வாய்

இன்று என்னைப் படம் எடுத்தார்கள். மூன்று வருடமாக அந்த ஃபக்டரியில் சட்டைக் கழுத்துத் தைக்கிறேன். எனக்கும் ஒரு முகம் இருப்பது இன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சட்டை வாங்குகிற கொம்பனியிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் பெரிய கமராவோடு வந்திருந்தாள். நான் உடுத்திருந்தது நிறம் போய்விட்டதாம். நாங்கள் தைக்கிற நீலச் சட்டை ஒன்றைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அது இரண்டு அளவு பெரிது. முதுகுப் பக்கம் இழுத்துப் பிடித்து ஆறு ஊசி குத்தினார்கள். முன்னால் பார்த்தால் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி.

"மூச்சை இழுத்துக்கொண்டு சிரியுங்கோ அக்கா" என்றாள் ஒஃபீஸில் இருக்கிற வினோஜா. சிரித்தேன். முடிந்ததும் சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு கேள்விகள். வினோஜா தமிழில் கேட்டு அவளுக்கு இங்கிலிஷில் சொன்னாள். பேர்? பிரியந்தினி. ஊர்? தர்மபுரம். அங்கே என்ன தொழில்? வயல். கணவர்?

"இருக்கிறார்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? பதினைந்து வருடமாக எந்த அரசாங்கக் கந்தோரில் கேட்டாலும் அதையேதான் சொல்கிறேன். யுத்தம் முடிந்தபோது சஜீவனை ஆமியிடம் ஒப்படைத்தது இந்தக் கை. அப்போது கலியாணம் முடித்து எட்டு மாதம். அவர் செத்ததை நான் காணவில்லை. காணாததை என் வாயால் ஏன் சொல்லவேண்டும்?

கடைசியில் இங்கிலிஷ் கடதாசி ஒன்றை நீட்டினார்கள். ஒப்பம் வைத்தேன். இந்தக் கூத்தில் முக்கால் மணித்தியாலம் போய் இன்றைய எண்ணிக்கை முடியவில்லை. சுப்பவைசர் எல்லோருக்கும் முன்னால் கத்தினாள். சிரிக்கச் சொன்னவர்களில் ஒருவரையும் அப்போது காணோம்.

நவம்பர் 13, புதன்

முதுகில் ஊசி கீறியிருக்கிறது. மாமி, சஜீவனின் தாய், மஞ்சள் பூசிவிட்டா.

ஏப்ரல் 27, ஞாயிறு

எழுதினால்தான் மனம் ஆறும்.

சந்தைக்குப் போய் வருகிறேன், மாமி வாசல் படலையடியில் நிற்கிறா. தலை வாரி இழுக்கவில்லை, கண் மட்டும் பளபளவென்று. "பிள்ளை, எந்த வயலாம்? கேட்டனியே?"

"ஆரின்ர வயல் மாமி?"

"என்ர மகன்ர. சஜீவன் வயல் செய்யிறானாம். அருந்ததி ஃபோனில வாசிச்சுக் காட்டினவள். ஏன் பிள்ளை எனக்கு ஒளிச்சனி?"

மாமியின் தமக்கை மகள் அருந்ததி லண்டனில் இருக்கிறாள். உடனே ஃபோன் எடுத்தேன். அவள் அங்கே கடையில் ஒரு நீலச் சட்டை வாங்கியிருக்கிறாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் என் படமாம். "மச்சாள், நீங்க ஃபேமஸ்!" என்று சிரித்துச் சிரித்து வாசித்தாள்.

'நான் பிரியா. இலங்கையின் வடக்கில் வாழ்கிறேன். என் கணவர் வயலில் பாடுபடுகிறார். மாலையில் இருவரும் வாசலில் இருந்து தேநீர் குடிப்போம். இந்தச் சட்டையை உங்களுக்காக அன்போடு தைத்தேன்.'

பேரைக்கூடப் பாதியாக வெட்டிவிட்டார்களே, பாவிகள்! மாலைத் தேநீராம். வேலை பஸ் என்னை இறக்கிவிடும்போது ஏழு மணி. ஒண்டுக்குப் போகவே கையைத் தூக்கிக் கேட்டு நிற்கிறவள் நான். அன்போடு தைத்தேனாம்.

"நீ எதுக்கடி மாமியிட்ட வாசிச்சனி?" என்று கத்தினேன்.

"அண்ணாவைப் பற்றி ஆரோ சும்மா எழுதியிருக்கினம் எண்டு சின்னம்மாவுக்கும் விளங்கும் எண்டு நினைச்சன் மச்சாள்" என்று அழுதாள். "இந்த அட்டையைப் பாத்திட்டுத்தான் ரெண்டா வாங்கினனான். தைக்கிற ஆக்களை நல்லா வச்சிருக்கிற கொம்பனி எண்டு."

அதற்குத்தானே என்னைச் சிரிக்க வைத்தது! வாங்குகிறவளுக்கு மனம் குளிரவேண்டும். அதற்கு என் புருஷனை வயலில் இறக்கிவிட்டார்கள்.

மாமிக்கு விளங்கப்படுத்தினேன். குசினிக்குள் அடுப்பு மூட்டப் போய்விட்டா.

ஏப்ரல் 28, திங்கள்

வினோஜாவைப் பிடித்துக் கேட்டேன். "நீங்கதானே அக்கா இருக்கிறார் எண்டு சொன்னீங்க?" என்றாள்.

ஓம், நான்தான் சொன்னேன்.

மே 9, வெள்ளி

ஒஃபீஸுக்குக் கூப்பிட்டார்கள். அட்டையிலிருக்கிற பிழையைத் திருத்துகிறார்களாம். வினோஜா கொம்பியூட்டரைத் திருப்பி வைத்தாள்.

"அக்கா, இருக்கிறாரா இல்லையா? ரெண்டிலை ஒண்டைச் சொல்லுங்கோ. நடுவில எழுத கொம்பனி ஆக்கள் விடமாட்டினம்."

"தெரியாது எண்டு எழுதுங்கோ."

"அப்பிடி எழுதினா ஆரக்கா சட்டை வாங்குவினம்?"

அவளும் என்ன செய்வாள், சின்னப் பிள்ளை. ஆனால் அவர்கள் புதிதாக எழுதி அனுப்பியிருந்ததைத் தமிழில் சொல்லச் சொன்னேன். 'யுத்தத்தில் கணவரைப் பறிகொடுத்த விதவை பிரியா, இந்த வேலையால் மறுபடி சிரிக்கிறாள்.' படம் அதேதான். ஆறு ஊசியோடு சிரித்த அதே படம்!

மரணச் சான்றிதழ் தருகிறோம், காசும் தருகிறோம் என்று எத்தனை பேர் வந்தார்கள். மாமியும் நானும் வாங்கவில்லை. அரசாங்கத்துக்கே கொடுக்காத ஒப்பத்தை ஒரு சட்டைக்கடைக்கு வைப்பேனா?

"என்ர முகத்தை எடுங்கோ. பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம்" என்றேன். குரல் எழும்பிவிட்டது. வெளியே மெஷின் போட்டிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

முகத்தை எடுப்பதற்கும் ஒரு கடதாசி. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லவைத்துவிட்டுத்தான் ஒப்பம் வைத்தேன்.

மே 12, திங்கள்

கழுத்துத் தையலிலிருந்து என்னை எடுத்து நூல் வெட்ட விட்டிருக்கிறார்கள். நாள் முழுக்க நிற்கவேண்டும். இதற்கெல்லாம் அழமாட்டேன்.

ஜூன் 2, திங்கள்

என் இடத்தில் விசுவமடுப் பிள்ளை ஒருத்தியைப் படம் எடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தும்போது நான் பக்கத்தில் நின்றேன். "கேக்கிறதுக்கு ஒண்டும் அரைகுறையாச் சொல்லாத தங்கச்சி" என்றேன். சுப்பவைசர் முறைத்தாள். நானும் முறைத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கென்று அருந்ததி லண்டனிலிருந்து வந்திருக்கிறாள். அப்போது வாங்கிய இரண்டு நீலச் சட்டையில் ஒன்றை எனக்குக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். மாமி அதன் கழுத்திலிருந்த அட்டையை மட்டும் கேட்டு வாங்கினா.

பின்னேரம் பார்க்கிறேன், காணாமல் போனவர்களுக்கான போராட்டப் பந்தலுக்குக் கொண்டுபோகிற சஜீவனின் படம் மாமியின் மடியில் கிடக்கிறது. அதன் பிளாஸ்ரிக் உறைக்குள் அந்த அட்டையைச் செருகிக்கொண்டிருக்கிறா. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"மாமி, அது முழுப் பொய். எத்தினை தரம் சொல்லிப்போட்டன்!"

"பொய்யெண்டு எனக்கும் தெரியும் பிள்ளை." என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஐநாவுக்கு எழுதினம், கொழும்புக்கு எழுதினம். அவன் இருக்கிறான் எண்டு அச்சடிச்சு வந்த கடதாசி இது ஒண்டுதான்."

உறை பக்கத்தில் கிழிந்திருந்தது. அட்டை வெளியே வழுகிக்கொண்டே இருந்தது.

ஊசியும் நூலும் எடுத்து வந்தேன். சுற்றிவரத் தைத்துக் கொடுத்தேன்.