மூடுபனிப் படத்தில் ஒரு கறுப்புக் கோடு

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் சரி, காலில் விழுந்து கேட்கிறேன், யாருக்கும் காட்டாதீர்கள். வாசற்காவல் மதாம் ரிவாலுக்கு வேண்டவே வேண்டாம். அண்ணனைக் கொண்டுபோய்விடுவார்கள்.

1877 பிப்ரவரி 26, திங்கள்

ஓவியர் தெராய் ஐயா இன்றும் எட்டு மணிக்கு வந்து எங்கள் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஐந்தாம் மாடி. பாலம், சேன் நதி, அம்மா வேலை செய்யும் சலவைப் படகு, எல்லாம் அங்கிருந்து தெரியும். ஜன்னல் திறக்க வராது என்று சொல்லிவிடு என்றாள் அம்மா. அவர் நீட்டிய வறுத்த கஷ்கொட்டைக்கு ஆசைப்பட்டு நான்தான் திறந்துவிட்டேன். மூடுபனி இருக்கும்வரைதான் வரைகிறார். வெயில் வந்தால் எழுந்துவிடுகிறார். ஈரப் படம் எங்கள் அலமாரிமேலேயே இருக்கிறது.

பிப்ரவரி 27

எண்ணெய்ச் சாய நெடி. தூக்கம் வரவில்லை.

பிப்ரவரி 28

மதாம் ரிவால் கடிதம் கொடுக்கும் சாக்கில் வந்து படத்தைப் பார்த்தாள்.

"இது என்ன ஐயா, ஆறா, சோப்புத் தண்ணியா?"

"ரெண்டும்தான் மதாம்."

"மூஞ்சி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் எறும்பு!" மூக்கு படத்தில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தாள். "படகுல எல்லாம் பொம்பளைங்க. இது மட்டும் கால்சட்டை போட்டிருக்கு. இடது தோள்ல மூட்டை, ஒரு பக்கம் சாஞ்ச நடை... ஏன்டி லியோனி, உங்க அன்செல்ம் இப்படித்தானே நடப்பான்?"

சிரித்தாள். சிரிப்பா அது?

சின்ன வயதிலேயே உடைந்த தோள் அண்ணனுக்கு. பாரிஸ் கம்யூன் கலகத்தில் அரசாங்கத்துக்கு எதிராகத் துப்பாக்கி தூக்கியவன், லண்டனுக்குத் தப்பி ஓடினான். ஆறு வருஷம் கழித்துப் போன மாதம் திருட்டுத்தனமாக வந்து, படகின் அடித்தளத்தில் கொதிகலனுக்குக் கரி போடுகிறான். பிடித்தால் கடல் தாண்டிய தீவுச் சிறை. துணி உலர்த்த, காலையில் ஒரே ஒரு தடவை மேல்தளம் ஏறுவான். அதையா வரைய வேண்டும்?

மார்ச் 1

தாங்க முடியல. அம்மா தூங்கியதும் அந்தக் கறுப்புக் கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்தேன். போகவில்லை — புகை மாதிரி பரவிவிட்டது. ஐயோ, என்ன பண்ணிட்டேன்?

மார்ச் 2

தெராய் ஐயா படத்தைப் பார்த்தார். அப்புறம் என் விரலைப் பார்த்தார்.

"யார்மேல கோவம்? என் மேலயா, அந்த ஆள்மேலயா?"

அழுகைதான் வந்தது. அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தூரிகையை நீலத்தில் தோய்த்து, கறையின்மேல் ஒரே இழுப்பு. கால்சட்டை இருந்த இடத்தில் பாவாடை! அதே சாய்வு, அதே மூட்டை, ஆனால் சலவைக்காரி.

மாலையில் அம்மா படத்தின்முன் வெகுநேரம் நின்றாள். "வர்ற வியாழன்..." என்றாள். முடிக்கவில்லை.

மார்ச் 5

இரண்டு போலீஸ்காரர்கள் படகையே சுற்றுகிறார்கள். விரலில் என்ன கறை என்று பள்ளியில் சிஸ்டர் கேட்டார். மை என்றேன்.

மார்ச் 8, வியாழன்

சலவைக்காரிகளின் திருநாள். படகெங்கும் கொடி, காகிதப் பூ, தலையில் அட்டைக் கிரீடத்தோடு ராணி. வருஷாவருஷம்போல் ஆண்களில் பாதிப் பேர் பாவாடையில். அண்ணன் அம்மாவின் நீலப் பாவாடையில்.

ஒரு போலீஸ்காரன் அவன் கன்னத்தைத் தட்டினான். "என்னக்கா, இன்னிக்கு சவரம் பண்ண மறந்துட்டியா?"

"உனக்காகத்தான் வளத்தேன் ராசா!" என்றான் அண்ணன், கீச்சுக்குரலில்.

கூட்டம் சிரித்தது. ஊர்வலம் பாலம் தாண்டியபோது அவன் அதில் இல்லை. பெல்ஜியம் போகும் கரிப்படகும் துறையில் இல்லை.

மார்ச் 20

செய்தி இல்லை.

ஏப்ரல் 9, திங்கள்

கரிப்படகுக்காரர் மனைவி கூடையில் வைத்து அம்மாவின் பாவாடையைக் கொடுத்துவிட்டுப் போனாள். எல்லை தாண்டினால்தான் பாவாடை திரும்பும் என்று ஏற்பாடு. முழுக்கக் கரி வாடை. அம்மா அதைத் துவைக்காமல் அப்படியே உடுத்திக்கொண்டாள்.

படியில் பூட்ஸ் சத்தம். "இந்த வீடுதான் ஐயா" — மதாம் ரிவால் குரல். அம்மா அவசரப்படாமல் விளக்கைத் தூண்டுகிறாள். வரட்டும். இந்த வீட்டில் இனி ஒளிக்க வேண்டியது இந்த நோட்டு ஒன்றுதான். தட்டுகிறா