மூங்கில் இருந்த இடம்

ஜாதவ்பூர்,
வியாழக்கிழமை காலை

அன்புள்ள என்னவருக்கு,

சுலோசனா வணக்கத்துடன் எழுதுகிறேன். நானும் வித்யாவும் இங்கே சௌக்கியம். அகர்தலாவில் குளிர் அதிகம் என்று சாய்ராம் சொன்னார். மஃப்ளரைப் பெட்டியிலேயே பூட்டி வைக்காமல் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் பேங்க்கின் அந்தக் கிளைக்கு ஆடிட் வேலையாக நாளை விமானத்தில் வருகிறார் இல்லையா, அவர் கையில்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கைக்குள் போன் இருக்கும்போது இவளுக்கு என்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீங்கள் பாதி ஆட்டம் ஆடி முடித்துவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதே. அதனால் காபியைக் கலந்து வைத்துக்கொண்டு, உட்கார்ந்து கடைசி வரை படியுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். கேஸ் வந்துவிட்டது. மாடிக் குழாயை பிளம்பர் மூன்றாம் தடவையாகச் சரிசெய்துவிட்டு, இனி ஒழுகாது என்று காளிமேல் சத்தியம் செய்திருக்கிறான். இன்னும் சொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பூக்கோசு மலிந்துவிட்டது, நீங்கள் இல்லாததால் நாங்கள் இருவரும் அதையே தின்று தீர்க்கிறோம்.

இப்போது நம் கிளப் டீம் விஷயம். மாற்றல் ஆர்டர் வந்து கிளம்பின அன்று, விசிலை என் கையில் கொடுத்து, "புது கோச் வர வரைக்கும் கதவைத் திறந்து விடு, போதும்" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். புது கோச் வரவே இல்லை. கிளப் செக்ரட்டரி இன்றைக்கு, நாளைக்கு என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜெர்சி துவைத்ததைத் தவிர பாஸ்கெட்பாலோடு எனக்கு என்ன சம்பந்தம்? இருந்தாலும் பத்துப் பெண்கள் சாயங்காலமானால் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். வீட்டுக்குப் போங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குள் துர்கா பூஜைப் பந்தல்காரர்கள் வந்துவிட்டார்கள். வழக்கம்போல கோர்ட்டில் பாதிக்குமேல் மூங்கில் நட்டுவிட்டார்கள். நீங்கள் இருந்தபோது அந்த இரண்டு மூன்று மாதமும் பிராக்டிஸ் கிடையாது, கொல்கத்தாவில் எல்லாக் கிளப்பும் அப்படித்தான். எனக்கு அந்த வழக்கமெல்லாம் தெரியாது. கூடை இருக்கிறது, பந்து இருக்கிறது, நடுவில் கொஞ்சம் மூங்கில் இருந்தால் என்ன, சுற்றிப் போங்கள் என்றேன். துணி கட்டுகிற ஆட்கள் ஏணிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க, இவர்கள் மூங்கிலுக்கு மூங்கில் வளைந்து வளைந்து ஓடினார்கள். பந்தல்கார மேஸ்திரி முதல் வாரம் திட்டினார், இரண்டாம் வாரம் ஸ்கோர் கேட்டார்.

காளி பூஜை முடிந்து மூங்கிலைப் பிடுங்கினார்கள். அடுத்த வாரமே சால்ட் லேக்கில் முதல் மேட்ச். அங்கேதான் கூத்து. கேப்டன் மௌமிதா பந்தைத் தட்டிக்கொண்டு நேராகக் கூடைக்கு ஓடுகிறாள், எதிரே ஈ காக்காய் இல்லை. திடீரென்று ஒடித்து வளைந்தாள், பந்து கோட்டுக்கு வெளியே போய்விட்டது. அடுத்தவளும் அப்படியே. நம் கோர்ட்டில் எங்கெங்கே மூங்கில் நின்றதோ, அந்தந்த இடத்தில் எல்லோரும் ஒதுங்கி ஓடுகிறார்கள். எதிர் டீம் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. நீங்களாக இருந்தால் டவலை வீசியெறிந்திருப்பீர்கள்.

டைம் அவுட் கேட்டேன். வந்து சுற்றி நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார்கள். எனக்கு என்ன தெரியும் சொல்வதற்கு? அப்போது, நீங்கள் சாப்பிடும்போது சொன்ன ஒரு கதை நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய கோச், டைம் அவுட்டில் போர்டையும் பேனாவையும் ஆட்டக்காரர்கள் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார் என்றீர்கள். ரசம் ஆறிப்போனதுகூடத் தெரியாமல், லீடர்ஷிப் என்றால் அதுதான் சுலோ என்று சிலாகித்தீர்கள். உங்கள் டீமுக்கு நீங்கள் ஒரு நாளும் அந்தப் போர்டைக் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன். என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள் என்றேன்.

தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டிருந்த பெண்தான் முதலில் பேசினாள். "கம்பம் இல்லேன்னா என்னம்மா, நான் கம்பமா நிக்கறேன்" என்றாள்.

அது நம் வித்யா.

ஆமாம். உங்களிடம் மறைத்த விஷயம் இதுதான். எனக்குத் துணையாகத்தான் வர ஆரம்பித்தாள். பன்னிரண்டு பேர் பட்டியலுக்கு ஆள் குறைகிறதே என்று அவள் பெயரையும் எண்ணிக்கைக்காக எழுதிக் கொடுத்திருந்தேன். அன்றைக்கு யாரோ ஒருத்தியின் ஜெர்சியை வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். மூங்கில் இருந்த இடத்தில் போய்க் காலை ஊன்றி நின்றாள். மௌமிதா அவளை உரசிக்கொண்டு வளைந்தாள், பின்னால் துரத்தி வந்தவள் வித்யாமேல் மோதி நின்றுவிட்டாள். மௌமிதா தனியாகப் போய்க் கூடையில் போட்டாள். திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். மேட்சைத் தோற்றோம், ஆனால் இரண்டாம் பாதியில் எதிர் டீமில் ஒருத்தியும் சிரிக்கவில்லை.

பஸ்ஸில் வரும்போது அதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஸ்கிரீன் என்றாள். பந்தைத் தொடாமல், இடிபட்டுக்கொண்டு, இன்னொருத்திக்கு வழி உண்டாக்கிக் கொடுக்கிற வேலை. அப்பா எனக்கு முதல் முதலில் சொல்லிக்கொடுத்தது அதுதான் என்றாள். அதற்குப் பிறகு எல்லா மேட்சிலும் ஆடுகிறாள். தோளெல்லாம் கன்றிப்போயிருக்கிறது. அடி அசடே, ஓரமாக ஒதுங்கக் கூடாதா என்றால், ஒதுங்கினால் ஸ்கிரீன் இல்லைம்மா என்கிறாள். தோற்றது அந்த முதல் மேட்ச் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை பவானிபூரில் ஃபைனல். என் கண்ணால் பார்த்திராவிட்டால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

நேற்று நீங்கள் போன் செய்தீர்கள். லீவு கிடைத்துவிட்டது, சனிக்கிழமை வருகிறேன், ஃபைனலில் கோச் பெஞ்சில் நான் உட்காருகிறேன், நீ ரெஸ்ட் எடு என்றீர்கள். சாயங்காலம் அதைப் பெண்களிடம் சொன்னேன். ஒருத்தி முகத்திலும் ஈயாடவில்லை. மௌமிதாதான் தைரியமாக, காகிமா என்று என்னைக் கூப்பிட்டு, சாருக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் கத்தினால் பந்து எங்கள் கையில் நிற்பதில்லை என்றாள். வித்யா வீட்டுக்கு வந்ததும் ஷூவைத் துடைத்து, டப்பாவில் போட்டு, பரணில் வைத்துவிட்டாள்.

நான் விடவில்லை, கேட்டேன். "அப்பா பெஞ்ச்ல உக்காந்தா நான் வரலை. கோவமெல்லாம் இல்லைம்மா. காது அடைச்சுப் போயிடறது" என்றாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பவானிபூர் கோர்ட்டில் அவள் ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டதும், இனிமேல் என் பெண் என்று சொல்லிக்கொள்ளாதே என்று அத்தனை பேர் முன்னால் கத்தினீர்களே, நினைவிருக்கிறதா? உங்களுக்கு இருக்காது. ஆட்டத்தில் சொன்னது ஆட்டத்தோடு போச்சு என்பீர்கள். அடுத்த நாள் அவள் காலில் சுளுக்கு, இனி விளையாட முடியாது என்றாள். நீங்கள் பதறிப்போய், பேங்க்கிலிருந்து வந்ததும் வராததுமாகத் தரையில் உட்கார்ந்து, அவள் காலை மடியில் வைத்துக்கொண்டு தினமும் தைலம் தேய்த்தீர்கள். அந்தக் காலில் சுளுக்கே இல்லை. நீங்கள் தேய்க்கத் தேய்க்க அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அப்பா தேய்க்கும்போது அழுகை வந்ததும்மா, வலி இல்லையென்று சொல்லவும் முடியலை என்று நேற்றுதான் என்னிடம் சொன்னாள்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. எனக்குக் கோபம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான், அதையும் நான் பார்க்கிறேன். பாஸ் கொடுக்கும்போது எதிராளியின் கண்ணைப் பார்க்காதே என்று மௌமிதா சின்னவளுக்குச் சொல்கிறாள். அது உங்கள் வார்த்தை, உங்கள் தொனிகூட. அவர்களுக்குள் நீங்கள் நிறையவே இருக்கிறீர்கள். அதற்குமேல் கோட்டோரத்தில் நின்று கத்தவும் வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் நான்தான் உட்காரப்போகிறேன். இதில் மாற்றமில்லை. அதற்காக லீவை ரத்து செய்துகொண்டு அங்கேயே முறுக்கிக்கொண்டு இருந்துவிடாதீர்கள். நீங்கள் வந்தே ஆக வேண்டும். டீக்காரர் பக்கத்து வரிசையில், தூணோரமாக உட்காருங்கள். ஃபவுலை ரெஃப்ரி கவனிக்கவில்லையா, விடுங்கள். நான் தப்பான நேரத்தில் டைம் அவுட் கேட்கிறேனா, கேட்டுவிட்டுப் போகிறேன். வாய் துறுதுறுவென்றால் ஒரு டீ சொல்லுங்கள். கை தட்டுவதற்கு மட்டும் தடையில்லை. ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது உங்களுக்கு எத்தனை கஷ்டம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? நீங்களும் அன்றைக்கு ஒரு நாள் மூங்கில் மாதிரி நின்றுவிட்டுப் போங்களேன்.

இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. ஷூவைப் பரணிலிருந்து இறக்கி வெயிலில் வைத்திருக்கிறேன். கண்டிப்பாக ஆடுவாய், அப்பா பெஞ்சில் உட்கார மாட்டார் என்று உங்களைக் கேட்காமலே அவளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாக்கைக் காப்பாற்றுங்கள்.

ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டம் முடிந்ததும் அவள் கண் உங்களைத் தேடும். எந்த இடத்தில் தப்பு செய்தாள் என்று ஆரம்பித்துவிடாதீர்கள். கால் எப்படிம்மா இருக்கிறது என்று மட்டும் கேளுங்கள். அவளுக்குப் புரியும்.

அந்த ஊர்த் திரிபுரசுந்தரி அம்மன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். தைலப் புட்டியை மேஜைமேல் எடுத்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை தோளில் நிஜமாகவே வலி இருக்கிறது.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
சுலோசனா