பூட்டி வைத்த நாற்பது டைல்

மார்ச் 4, செவ்வாய்

இன்று முதல் நான் ஒரு இயந்திரத்துக்கு வாத்தியார். இந்த டைல் ஆலையில் பதினோரு வருடமாகச் சுத்தியலால் டைலைத் தட்டிக் கேட்கிறேன். ணங் என்றால் நல்லது, டொக் என்றால் உள்ளே விரிசல். இனி தட்டும்போது பக்கத்தில் மைக் இருக்கும். நல்லதற்குப் பச்சைப் பொத்தான், விரிசலுக்குச் சிவப்பு.

இயந்திரத்தை அமைக்க வந்த பொறியாளர் பெண்ணிடம், "விதியெல்லாம் எழுதிக் கொடுத்துட்டியாம்மா?" என்றேன்.

"விதியே கிடையாதுக்கா. நீங்க தட்டுற சத்தமும் அமுக்குற பொத்தானும்தான். ரெண்டாயிரம் கேட்டா, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பொத்தான்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும்."

இதுதான் இயந்திரக் கற்றலாம்.

வீட்டுக்காரர்: "உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிற." தெரியாமலா செய்கிறேன்? மாட்டேன் என்றால் வேறு ஆளை உட்கார வைப்பார்கள்.

மார்ச் 20, வியாழன்

பரீட்சை. பாடத்தில் சேர்க்காமல் ஒதுக்கிய என் பதிவுகள் நூறு. தொண்ணூற்றெட்டு சரி. மேலாளர் முகமெல்லாம் பல். அடுத்த மாதத்தோடு நான் நின்றுகொள்ளலாமாம்.

மார்ச் 24, திங்கள்

தட்டுவதற்கும் இயந்திரக் கை வந்துவிட்டது. எனக்குப் பெட்டி ஒட்டும் வேலை.

ஏப்ரல் 2, புதன்

மூன்று லோடு திரும்பி வந்திருக்கிறது. விரிசல் டைலுக்கெல்லாம் பச்சை காட்டியிருக்கிறது அது. மேலாளர் எல்லார் முன்னாலும், "வேலை போற கோவத்துல வேணும்னே தப்புத் தப்பா அமுக்கியிருக்கீங்க" என்றார்.

நானா? என் காதைப் பத்தி என்ன தெரியும் இவருக்கு — விடமாட்டேன். வேலை போனால் போகட்டும். இந்தப் பெயரோடு போக மாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

"என் பதிவை எனக்கே போட்டுக் காட்டும்மா" என்று பொறியாளர் பெண்ணின் மேசையில் போய் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம் கேட்டோம். ஒரு பொத்தான்கூடத் தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு டொக்குக்குப் பின்னும் சின்னதாக ஒரு "ச்சு".

நான்தான். விரிசல் என்றால் நாக்கு தானாக உச்சுக் கொட்டியிருக்கிறது. இத்தனை வருடத்தில் எனக்கே தெரியாது.

ஏப்ரல் 4, வெள்ளி

மேலாளரைக் கூட்டி வந்து நிறுத்தினேன். டைலே இல்லாமல் மைக் முன்னால் உச்சுக் கொட்டினேன். சிவப்பு. விரிசல் டைலை வாயை மூடிக்கொண்டு தட்டினேன். பச்சை.

"அது டைலைக் கேக்கலை சார். என்னைக் கேட்டுட்டு இருந்திருக்கு. இயந்திரக் கை உச்சுக் கொட்டுமா?"

"பரீட்சையும் அக்கா பதிவுலதானே வச்சோம், அதான் பிடிபடலை" என்றாள் பொறியாளர் பெண், தலையைக் குனிந்துகொண்டு.

மேலாளர் மன்னிப்புக் கேட்கவில்லை. "மறுபடி சொல்லிக் கொடுங்க" என்றார். கொடுக்கிறேன், ஆனால் பரீட்சை நான்தான் வைப்பேன் என்றேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

இயந்திரக் கை தட்டுகிறது. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக் கேட்டுப் பொத்தான் அமுக்குகிறேன். என் சத்தம் மைக்குக்குக் கேட்காது, அதனால் ஆசை தீர உச்சுக் கொட்டுகிறேன். பரீட்சைக்கு நாற்பது டைலை நானே பொறுக்கிப் பீரோவில் பூட்டியிருக்கிறேன். அது ஒருமுறைகூடக் கேட்காதவை. நான் நின்றுகொள்வதைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை.

மத்தியானம் மேலாளர் வந்தார். "சாவியைக் கொஞ்சம் கொடுங்கம்மா, முன்னாடியே ஒரு தடவை ஓட்டிப் பார்த்துக்கறேன்."

கொடுக்கவில்லை.