இரண்டாவது பேஸ் கிட்டாரும் என் தோசைக்கல்லும்

ஃபெலிக்ஸ்,

சோறும் சாம்பாரும் அடுப்பு மேல இருக்கு. கிட்டார் விக்கற அந்த நாச்சாரம் ஏரியாக்காரர் ரெண்டாவது பேஸ் கிட்டாரைக் காட்ட சாயங்காலம் வந்தா, டீ போட்டுக் கொடு.

நேத்து நான் கத்தினது ரெண்டு விஷயத்துக்கு. அதே கறுப்பு, அதே நாலு கம்பி, இருக்கற மாதிரியே இன்னொண்ணு எதுக்குன்னு கேட்டேன். சத்தம் வேறன்னு சொன்ன. நான் நம்பல. அப்புறம் என் தோசைக்கல்லுல சோள மாவைத் தட்டி ஜொன்ன ரொட்டி போட்டுட்டு, "ரொட்டிக்கல்லும் இதுவும் ஒரே இரும்புதானே, ஜெசி"ன்ன. "பாக்கத்தான் ஒண்ணு, ஊத்தினாத்தான் தெரியும்"னு கத்தினேன். நீ சிரிச்ச. ஏன்னு இப்பத்தான் உறைச்சது.

வாசிச்சுப் பாரு. பிடிச்சிருந்தா வாங்கிக்கோ.

ஜெசிந்தா

பி.கு.: தோசைக்கல்லை மறுபடி தொட்டா, ரெண்டு கிட்டாரும் வெளியே.

இன்னொண்ணு: நான் வந்ததும் ரெண்டையும் வாசிச்சுக் காட்டு. வித்தியாசம் தெரியலைன்னாலும் தெரியுதுன்னு சொல்றேன்.