ஐயாயிரம் கன்றுகளும் ஒரு கையெழுத்தும்

மார்ச் 4, செவ்வாய்

பேருந்தில் நின்றுகொண்டே போனதில் இடுப்பு விட்டுப்போயிற்று. உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் மேசையில் ஒரு கோப்பு. எங்கள் அறக்கட்டளையின் நிறுவனருக்கு – எல்லோருக்கும் அவர் ‘பெரியவர்’ – இம்மாதம் 29ஆம் தேதி எழுபத்தைந்து வயது. அதற்காக அரசுப் பள்ளியின் பின்னால் உள்ள புல்வெளியில் ஐயாயிரம் மரக்கன்று நடப்போகிறார்கள். ‘நிலம் நடவுக்கு ஏற்றது’ என்று கள அலுவலர் சான்றளிக்க வேண்டும். கள அலுவலர் நான். பதினொரு வருடத்தில் ஒரு தடவைகூட இடத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. வரைபடத்தில் அந்தப் புல்வெளியைத் ‘தரிசு’ என்று குறித்திருக்கிறார்கள். குறித்தவர் அங்கே ஒரு நாளாவது கால் வைத்திருப்பாரா?

மார்ச் 5, புதன்

பள்ளிக்குப் போனேன். அறக்கட்டளைப் பணத்தில் அங்கே இயற்கை வகுப்பு மூன்று வருடமாக நடக்கிறது. அறிவியல் டீச்சர் பிள்ளைகளின் பதிவேட்டைக் காட்டினார். புல்வெளியில் இப்போது முப்பத்தொரு கூடு. கூடு என்றால் மரத்தில் தொங்குவதில்லை. வெறுந்தரையில், நாலு கூழாங்கல்லுக்கு நடுவில் முட்டை. ஆட்காட்டி, வானம்பாடி, கௌதாரி. எந்தத் தேதியில் எத்தனை முட்டை, எத்தனை பொரித்தது, எல்லாம் இருக்கிறது. போன வருடக் கூடு ஒன்றுக்கு எதிரே ‘நாய் தின்றுவிட்டது, பாவி’ என்று யாரோ எழுதியிருக்கிறார்கள்.

இந்தப் பறவைகளுக்கு மரம் ஆகாது. மரம் வந்தால் காக்கை வந்து உட்கார்ந்து வேவு பார்க்கும். முட்டை ஒன்றுகூட மிஞ்சாது. நிழல் விழுந்தால் புல்லும் போய்விடும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப் பணம் கொடுப்பதும் நாங்கள்தான், இதை அழிக்கக் கன்று வாங்குவதும் நாங்கள்தான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

மார்ச் 7

கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 10, திங்கள்

மைக் கூப்பிட்டார். விளம்பரப் பிரிவின் தலைவர். மேடையைக் கண்டால் கையில் மைக்கைப் பிடித்துவிடுவார், அதனால் அந்தப் பெயர். முதலில் தேன் ஒழுகப் பேசினார்.

“ஒரு கையெழுத்துதானேம்மா? மரம் நடறத யாராவது வேண்டாம்பாங்களா?”

“அங்க வேண்டாம் சார். ரோட்டோரமா நடுங்க, நானே வந்து குழி வெட்டறேன்.”

“பெரியவர் பிறந்தநாளுக்கு ரோட்டோரமா?”

நான் மசியவில்லை. அப்புறம்தான் கத்தியை வெளியே எடுத்தார். அந்த வகுப்புக்கான அடுத்த மூன்று வருட உதவி இன்னும் முடிவாகவில்லையாம், கோப்பு அவரிடம்தான் இருக்கிறதாம். “யோசிச்சுச் சொல்லுங்க” என்றார்.

மார்ச் 11

புல்லக் காப்பாத்தறேன்னு புறப்பட்டு பிள்ளைங்க வகுப்ப நானே கவுத்துடப் போறேனா? நாற்பத்தாறு பிள்ளைகள். என் ரோஷத்துக்கு அவர்களா பலி?

சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

“போட்டுடாதீங்க மேடம். பணம் வரலன்னா போகட்டும், மரத்தடியில உக்காந்து கிளாஸ் எடுத்துக்கறேன்” என்றார். அடுத்த நொடியே, “ஐயோ, மரத்தடின்னு சொல்லிட்டேனே!”

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்தபோது பயம் பாதி போயிருந்தது.

மார்ச் 14, வெள்ளி

படிவத்தில் ‘ஏற்றதல்ல’ என்று எழுதினேன். பதிவேட்டின் நகலையும் சேர்த்து, மைக்கைத் தாண்டி நேராகப் பெரியவரிடமே கொண்டுபோய் நீட்டினேன். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“புல்லுக்காகவாம்மா இவ்வளவு மல்லுக்கட்டற?”

“மல்லுக்கட்டத்தானே ஐயா சம்பளம் குடுக்கறீங்க.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, போயிட்டு வா.” நகலைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 17, திங்கள்

வேலை போயிற்று. மேலிடத்தை மதிக்காத போக்காம். கடிதத்தில் பெரியவரின் கையெழுத்து. சான்றில் எனக்குப் பதிலாக மைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

என் வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். “சரி, நாளையிலேருந்து எனக்குப் பட்டன் தைச்சுக் குடு. ஆனா என்னை எதிர்த்துப் பேசினா நான் எந்த லெட்டரக் குடுத்து உன்னை அனுப்பறது?” என்றார்.

அழுதேன். போடாத கையெழுத்துக்காக இல்லை. பதினொரு வருடம், ஒரு பக்கத்தில் முடித்துவிட்டார்களே என்று.

மார்ச் 29, சனி

போனேன். யார் என்னைத் தடுப்பது? பிள்ளைகள் பதிவேட்டோடு புல்வெளி ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். நானும் டீச்சரும் பக்கத்தில் நின்றோம். லாரி நிறையக் கன்றுகள். தரையெங்கும் சுண்ணாம்பு வட்டங்கள்.

பெரியவர் புல்வெளிக்குள் பத்தடி எடுத்து வைத்திருப்பார். ஆட்காட்டி ஒன்று கத்திக்கொண்டே அவர் தலைக்கு நேராகப் பாய்ந்தது. பின்னாலேயே இன்னொன்று. மைக் எடுத்தார் ஓட்டம்!

“தாத்தா, அசையாதீங்க! பதினேழாம் நம்பர் கூடு!” என்று ஒரு பெண் கத்தினாள்.

பெரியவர் தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றார். கீழே பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. அவள் ஓடிவந்து விரல் நீட்டியும் தெரியவில்லை. குனிந்த பிறகுதான் தெரிந்தது: மண் நிறத்தில் நான்கு முட்டை. அவர் நட வேண்டிய வட்டம் அதிலிருந்து ஒரு சாண்.

ஓரமாக வந்து உட்கார்ந்து பதிவேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். பிறகு, “லாரியத் திருப்பச் சொல்லுங்க” என்றார். டீச்சரிடம், “கிளாஸ நிறுத்திடாதீங்க. மூணு வருஷத்துக்கும் பணம் வரும்” என்றார்.

என்னைத் தாண்டித்தான் காருக்குப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். முப்பத்தொரு கூடும் அப்படியே இருக்கின்றன, எனக்கு அது போதும்.

ஏப்ரல் 21, திங்கள்

வீட்டுக்காரர் பேப்பரை என் மடியில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவர்போல நூல் கோத்துக்கொண்டிருந்தார். அறக்கட்டளைக்குக் கள அலுவலர் தேவையாம். நிபந்தனை எண் நான்கு: ‘மரம் நடக்கூடாத இடங்கள் எவை என்று அறிந்திருக்க வேண்டும். மேலிடமே கேட்டாலும் அங்கே சான்றளிக்கக் கூடாது.’

நேரில் சொல்ல வாய் வரவில்லை பார், அந்தப் பெரியவருக்கு.

மனு எழுதி முடித்துவிட்டேன். ‘முந்தைய வேலையிலிருந்து நீங்கியதன் காரணம்’ என்ற கட்டத்தில் எழுதியிருப்பது: தங்கள் நிபந்தனை எண் நான்கு.