வலது தோளில் முந்தி

அக்கா,

ஆடித் தள்ளுபடிக்குக் கடையை ஒதுங்க வைத்துச் சுத்தம் பண்ணுகிறோம் என்று திங்கட்கிழமை நம் தளத்துப் பெரிய கண்ணாடியைச் சுவரிலிருந்து இறக்கினார்கள். சட்டத்துக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவில், ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மெரூன் நிறம். உங்களுடையது. வேறு யாருக்கு அந்தப் பழக்கம் இருந்தது? உங்கள் சபையில் பொட்டு வைப்பதில்லை. கடையிலோ பொட்டு, பூ, பவுடர் மூன்றும் இல்லாமல் பட்டுச் சேலைப் பக்கம் நிற்கவே விடமாட்டார்கள். காலையில் வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று பொட்டை ஒட்டுவீர்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது அதைப் பிய்த்துச் சட்டத்தின் பின்னால் ஒட்டிவிட்டு, "முதலாளிக்கு இம்புட்டு நேரம் போதும், இனி கர்த்தருக்கு" என்பீர்கள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அந்தப் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு நாலு நாளைக்கு முன்னால்தான், குளிக்கும்போது, இடது மாரில் ஒரு கட்டி என் விரலில் தட்டுப்பட்டிருந்தது. மொச்சைக் கொட்டை அளவு. வலிக்கவில்லை. வலித்திருந்தால்கூடக் கொஞ்சம் தைரியமாக இருந்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். வருகிற ஆவணியோடு நீங்கள் போய் மூன்று வருஷம்.

துணிக்கடை வேலை என்றால் சேலையைப் பிரிப்பதும் மடிப்பதும்தான் என்று என் வீட்டுக்காரர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் வேலை வேறு. வந்தவர்கள் எந்தச் சேலையைக் கேட்டாலும், உடுத்தியிருக்கும் யூனிஃபார்ம் சேலைக்கு மேலேயே அதைச் சுற்றி, கொசுவம் வைத்து, முந்தியைத் தோளில் விட்டு, கண்ணாடி முன்னால் அரைச் சுற்றுச் சுற்றி நிற்க வேண்டும். கல்யாணப் பெண் சேலையைப் பார்க்கிறாளா உங்களைப் பார்க்கிறாளா என்று எங்களுக்கே சந்தேகம் வரும். "அந்தக்கா கட்டிருக்கதையே போடுங்க" என்று சொல்லிவிடுவாள். வீட்டில் போய்க் கட்டிப் பார்த்து ஏமாந்திருப்பாளோ என்னவோ. கடையில் எல்லோருக்கும் நீங்கள் 'கண்ணாடி அக்கா'. நாற்பத்திரண்டு வயதை முப்பத்தைந்து என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள், யாரும் மறுத்ததில்லை.

அந்த இடம் யாருக்கும் நிலையில்லை. காலையில் நாங்கள் வரிசையாக நிற்கும்போது சூப்பர்வைசர் ஒவ்வொருத்தியாகப் பார்த்துக்கொண்டே வருவார். கன்னத்தில் மங்கு விழுந்தவள், பிள்ளை பெற்று இடுப்பு பெருத்தவள், கர்ப்பப்பையை எடுத்துவிட்டு வந்தவள், வகிட்டில் வெள்ளை தெரிகிறவள், யாராக இருந்தாலும் சிரித்த முகமாகவே சொல்வார்: "நாளையிலருந்து நீங்க மேல பாத்துக்கங்கக்கா." மேல என்றால் மூன்றாவது மாடி. துண்டு, பெட்ஷீட், உள்பாவாடை. அங்கே கண்ணாடி கிடையாது. மேலே போனவர்கள் ஒரு தீபாவளியைத் தாண்டியதை நான் பார்த்ததில்லை. யாரும் அவர்களை நிறுத்தவில்லை, அவர்களாகவே நின்றுவிடுவார்கள்.

மாதம் ஒரு முறை கடை பாத்ரூமில் பழைய பிரஷ்ஷால் உங்கள் வகிட்டுக்கு டை அடித்துவிட்டவள் நான். "நல்லா உள்ள விட்டு அடிடி, ஒத்த முடி தெரிஞ்சாலும் துண்டு விக்கப் போயிருவேன்" என்பீர்கள். சிரித்துக்கொண்டேதான் சொல்வீர்கள். ஆனால் பிரஷ்ஷைப் பிடித்திருந்த எனக்கு உங்கள் கழுத்து நரம்பு படபடவென்று அடிப்பது தெரியும். அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. உங்கள் பயத்தைப் பார்த்து, இந்த அக்கா ஏன் இப்படிப் பயப்படுகிறது என்று நினைத்தேன்.

நீங்கள் போவதற்கு முந்தின வருஷம், புரட்டாசியில் ஒரு நாள், முந்தியை இடது தோளில் விடவில்லை. பின்னாலிருந்து சுற்றி வலது தோள் வழியாக முன்னால் கொண்டுவந்து, மார் முழுக்க மறைகிற மாதிரி விரித்துவிட்டீர்கள்.

"என்னக்கா இது?"

"வடநாட்டுக் கட்டுடி. முந்தி டிசைன் முழுசா முன்னாடி தெரியுதுல்ல?"

தெரியத்தான் செய்தது. அன்றைக்கு அந்த ரகம் மொத்தமும் விற்றுப் போய்விட்டது. சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கை தட்டினார். "எல்லாரும் அக்காட்ட கத்துக்கங்க" என்றார். ஒரு வாரத்தில் தளத்திலிருந்த அத்தனை பேரும் முந்தியை வலது தோளில் போட்டோம். வாசலில் நின்ற பொம்மைக்கும் அப்படியே கட்டினார்கள். நான் ரெட்டியார்சத்திரம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே ஒரு டீச்சரம்மாவுக்கு அந்தக் கட்டை விளக்கிச் சொன்னேன், என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். டிரையல் ரூமில் உங்கள் முந்திக்கு ஊக்குக் குத்தினேன். என் புறங்கை உங்கள் இடது மாரில் பட்டது. கல்லாக இருந்தது. "ஆத்தீ" என்று சுருண்டுவிட்டீர்கள்.

"என்னக்கா, கட்டியா?"

"ஒண்ணுமில்ல. வேனக்கட்டி."

"வேனக்கட்டி இம்புட்டுக் கல்லாவா இருக்கும்? எத்தன நாளாக்கா இருக்கு?"

"ஏ, சத்தம் போடாத. தீபாவளி முடியட்டும்டி. சீசன்ல லீவு கேட்டா என்னா ஏதுன்னு நோண்டுவாங்க. தெரிஞ்சா மறுநாளே மேலதான். செத்த பொறு. நீ மட்டும் வாயத் தொறந்துறாத."

நான் வாயைத் திறக்கவில்லை. உங்களுக்காகத்தான் திறக்கவில்லை என்று இப்போது எழுதினால் அது பொய். உங்களுக்கு அடுத்து அந்தக் கண்ணாடிக்கு நான்தான் என்று தளத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் போய்ச் சொன்னால், இடத்துக்கு ஆசைப்பட்டுப் போட்டுக்கொடுத்துவிட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தேன். உங்கள் வீட்டுக்காரரிடமாவது சொல்லியிருக்கலாம். "எம் பொண்டாட்டிக்கு என்னன்னு என்னையவிட நீ கண்டுட்டியா" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று அதற்கும் ஒரு பயம். இத்தனை பயத்துக்கு நடுவில் உங்கள் உயிருக்குப் பயப்பட எனக்கு இடமில்லாமல் போய்விட்டது, அக்கா.

தீபாவளி முடிந்தது. கிறிஸ்துமஸ் முடியட்டும் என்றீர்கள். பிறகு பொங்கல். தை முடிவதற்குள் கை வீங்கிவிட்டது. அதற்குப் பிறகு மதுரைக்கும் வீட்டுக்குமாக அலைந்தீர்கள். மாரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று, என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே, "பாவம்ல அவ புருஷன்" என்றார். அவர் பொல்லாத மனுஷர் இல்லை. தக்காளிக்கு மருந்தடித்துவிட்டு வந்த களைப்பில் யோசிக்காமல் சொன்னது. ஆனால் அந்த ஒரு வார்த்தை இன்றுவரை என் தொண்டையில் நிற்கிறது.

வைகாசியில் ஒரு நாள் நீங்கள் கடைக்கு வந்தீர்கள். முகூர்த்தக் கூட்டம். தலையில் முக்காடு, புருவம் இல்லை, இடது பக்கம் ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது. சூப்பர்வைசர் ஓடி வந்தார். அவரும் கெட்டவர் இல்லை, உங்களைப் பார்த்துக் கண் கலங்கினார். "வாங்கக்கா, வாங்க. கல்யாணப் பார்ட்டி வந்திருக்காங்க, சங்கடப்படுவாங்க. மேல போய் ஃபேன் காத்துல உக்காருங்க" என்றார். நீங்கள் மறுபேச்சுப் பேசாமல் படியேறினீர்கள். நான் செத்த நேரம் கழித்து டீ வாங்கிக்கொண்டு வந்தேன். பெட்ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"கடைசில மேல ஏத்திட்டாய்ங்க பாத்தியா" என்றீர்கள்.

டீயை ஆற்றிக்கொண்டு நின்றேன். நீங்களே கேட்டீர்கள். "கீழ இன்னும் அந்தக் கட்டுதானா?"

"ஆமாக்கா. உங்க கட்டுக்குத்தான் இப்பவும் கிராக்கி."

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. "கிறுக்கிகளா. இடது கையத் தூக்க முடியாம கட்டுனதுடி அது."

கையிலிருந்த டீயை நான் கீழே வைத்துவிட்டேன். கை தூக்க முடியாத உங்களை வரிசையாக நின்று பார்த்துக் கற்றுக்கொண்டோம். பொம்மைக்கு வேறு கட்டிவிட்டோம்.

"முடி போனப்ப அழுதேன்" என்றீர்கள். "மார எடுத்தப்ப அழுதேன். உசுரு போயிருமேன்னு ஒரு நாளும் அழுகலடி. என் கிறுக்க எங்க போய்ச் சொல்ல?" பிறகு அந்த மாடியைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தீர்கள். ஜன்னலில் மலைக்கோட்டை தெரிந்தது. "இங்க நல்லாத்தான இருக்கு. காத்து வருது. இதுக்காடி அம்புட்டுப் பயம் பயந்தேன்?"

ஆவணியில் போய்விட்டீர்கள். கண்ணாடி எனக்கு வந்தது. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மறுநாள் ரெண்டு முழம் மல்லி கூடுதலாக வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். இதையும் உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

இப்போது எனக்கு நாற்பத்து மூன்று. நாற்பது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். கட்டி தட்டுப்பட்ட அன்று ஈரத்தலையோடு நின்றுகொண்டு எனக்கு நானே சொன்னேன்: ஆடித் தள்ளுபடி முடியட்டும். சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று காதில் விழுந்தது. அப்படியும் நான் அசையவில்லை. உங்களுக்கு நடந்தது அத்தனையும் கூடவே இருந்து பார்த்தவள், நாலு நாள் சும்மா இருந்தேன். பயம் அப்படி. மாடியை நினைத்தாலும் பயம், முடியை நினைத்தாலும் பயம், வீட்டில் அந்த "பாவம்ல" என்ற வார்த்தை என் வீட்டுக்காரரைப் பற்றி யார் வாயிலாவது வருமோ என்று பயம். ஐந்தாவது நாள் உங்கள் பொட்டு கிடைத்தது. அதற்குப் பிறகும் இரண்டு நாள் தள்ளினேன்.

புதன்கிழமை கண்ணாடியை மறுபடி மாட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளையை என் பக்கத்தில் நிறுத்தினார் சூப்பர்வைசர். பழநிப் பக்கம் பாலசமுத்திரத்துப் பிள்ளை, இருபத்தொரு வயது. என்னத்துக்கு நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாதா? அவள் ஒரு பச்சைப் பட்டை எடுத்துச் சுற்றி, முந்தியை வலது தோளில் கொண்டுவந்து விட்டாள்.

"ஏனுங்க்கா, சரிங்களா? முன்னாடி இங்கிருந்த அக்காவோட ஸ்டைலுங்களாம். சார்தான் காமிச்சாருங்க."

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. "இடது தோள்ல போடுடி!" என்று கத்தினேன். "கையத் தூக்கு! தூக்குடி!" சேலை எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளை மிரண்டுபோய் இரண்டு கையையும் தூக்கிவிட்டது. தலைக்கு மேலே நேராக, தடையில்லாமல் போனது. அதைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. அப்புறம்தான் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். இடது கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஆறு நாளாக அதைத் தூக்கிப் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் காலை வரிசையில் சூப்பர்வைசர் என் முன்னால் வந்தபோது சொன்னேன். "மாருல கட்டி இருக்கு சார். ஆஸ்பத்திரிக்குப் போகணும். நாளைக்கு லீவு வேணும்."

அவர் தரையைப் பார்த்தார். "மெதுவாக்கா, மெதுவா. வயித்துவலின்னு எழுதிக்கிறேன்."

"கட்டின்னே எழுதுங்க சார்."

"சரிக்கா. போய்ட்டு வாங்க. வந்ததும் நீங்க மேல…"

"காத்து நல்லா வரும் சார்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

எழுதும்போது பெரிய தைரியசாலி மாதிரி இருக்கிறது. சொல்லி முடித்ததும் பாத்ரூமில் போய் வாந்தி எடுத்தேன். அந்தப் பச்சைப் பட்டுப் பிள்ளைதான் முதுகைத் தடவிவிட்டது. வீட்டுக்காரரிடம் சாயங்காலம் சொன்னேன். அவர் எழுந்து வண்டியைத் துடைத்தார், காலையில் போக வேண்டும் என்று. இப்போது வெளியே வேப்பமரத்தடியில் நிற்கிறார். என்ன நினைக்கிறார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆமாம் அக்கா, ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் பொட்டை ஓ.பி. சீட்டின் மூலையில் ஒட்டியிருக்கிறேன். பசை போய்விட்டது, எச்சில் தொட்டுத்தான் ஒட்டினேன். இன்றைக்கு நான் பொட்டு வைக்கவில்லை, பவுடர் போடவில்லை, வகிட்டில் வெள்ளை அப்படியே தெரிகிறது. வந்ததும் பக்கத்தில் இருக்கும் பெண் என்னைப் பார்த்து, "உக்காருங்க பெரியம்மா" என்று தள்ளி இடம் விட்டாள். சுருக்கென்றுதான் இருந்தது. உட்கார்ந்துகொண்டேன்.

உள்ளே போகிற ஒவ்வொருத்தியிடமும் டாக்டரம்மா சொல்வது கதவு வழியாகக் கேட்கிறது. "ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்கம்மா." எனக்கு முன்னால் இன்னும் ஒருத்திதான். ரொம்பப் பயமாக இருக்கிறது, அக்கா. அவள் வெளியே வந்துவிட்டாள். என் பேரைச் சொல்கிறார்கள். நான் போய்க் கையைத் தூக்குகிறேன்.